எச்சரிக்கை: படகு எஞ்சினின் அலாரம் "சரியாகிவிட்டது" என்று பட்டறைக்காரர் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

சென்ற வியாழக்கிழமை கரையிலிருந்து வெகுதூரத்தில் என் எஞ்சின் இறுகி நின்றுபோனது. இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் நான் ரூ. 46,800 கொடுத்து ஏமாந்திருக்கிறேன். அலாரம் ஒலித்தால் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் மல்லிப்பட்டினம் பக்கம் நண்டு வலை விடுகிறவன். 2018 நவம்பரில் கஜா புயல் பழைய படகை நொறுக்கிவிட்டுப் போன பிறகு, கடன் பட்டு வாங்கியதுதான் இப்போதிருக்கும் பைபர் படகும் அதன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினும். பாக் விரிகுடாவில் எங்கள் பகுதி ஆழம் குறைந்தது, அடியெங்கும் கடற்புல். அறுந்து மிதக்கும் புல், எஞ்சினின் கால்பகுதியில் அதைக் குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் துளைகளை அடைத்துக்கொள்வதும், சூடு ஏறி அலாரம் ஒலிப்பதும், வேகம் தானாகக் குறைவதும் எங்களுக்குப் பழக்கமானவை. எஞ்சினை நிறுத்தித் தூக்கிப் புல்லை அகற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த முறை புல்லை அகற்றிய பிறகும் பத்தே நிமிடத்தில் மீண்டும் அலறியது. பின்புறத் துளையிலிருந்து விரல் பருமனில் பீச்ச வேண்டிய தண்ணீர் நூல்போல ஒழுகியது.

பட்டறைக்குக் கொண்டுபோனதும் இதைத்தான் முதலில் சொன்னேன். அங்கிருந்த மெக்கானிக் அந்தத் துளையைக் கம்பியால் குத்திவிட்டு, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். தண்ணீர் வந்தது. "பார்த்தீங்களா அண்ணே, தண்ணீரில் குறையே இல்லை; கண்ட்ரோல் பாக்ஸ் போயிடுச்சு, அதனால்தான் சும்மாவே கத்துது" என்றார். எஞ்சினை இயக்கிக் கட்டுப்படுத்தும் அந்த மின்னணு பாக்ஸுக்கு ரூ. 38,000, சூடு பார்க்கும் சென்சாருக்கு ரூ. 5,300, கூலி ரூ. 3,500. முன்பணமாக 30,000 ரூபாயை அங்கேயே நின்று கைப்பேசி வழியாக அனுப்பினேன். அது என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வந்த பணம். பில் கேட்டதற்கு, பொருள் வந்ததும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். கடைசியில் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டுதான்.

ஐந்தாம் நாள் எஞ்சினை எடுக்கப் போனேன். என் எஞ்சினில் சாவியைத் திருப்பியதும் அலாரம் ஒருமுறை கீச்சென்று ஒலித்து அடங்கும். அது வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அன்று அந்த ஒலி வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "புது பாக்ஸில் அது வராது அண்ணே, இனிமேல் உங்களுக்குத் தொந்தரவே இருக்காது" என்று என் தோளில் கை வைத்துச் சொன்னார். அந்த வார்த்தையை நம்பி மீதி ரூ. 16,800-ஐயும் கொடுத்தேன். அந்த இடத்தில் மூடியைத் திறந்து காட்டுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் வெளிப்பட்டிருக்கும்.

மூன்றாம் நாள் கடலில் விட்ட வலையை இழுத்தெடுத்துக்கொண்டு திரும்பும்போது பெயின்ட் கருகும் வாடை வந்தது. அலாரமும் ஒலிக்கவில்லை, வேகமும் குறையவில்லை. மச்சான் எட்டிப் பார்த்து "ஆவி வருது" என்று கத்திய அடுத்த நொடியே எஞ்சின் இறுகிவிட்டது. இரண்டரை மணி நேரம் கழித்து வேறொரு படகு எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது.

வேறு ஊரில் ஒரு வயதான மெக்கானிக் என் கண்ணெதிரே மூடியைக் கழற்றினார். பழைய கண்ட்ரோல் பாக்ஸ் உப்புப் பூத்த அதே திருகாணிகளோடு இருந்த இடத்திலேயே இருந்தது. சூட்டு சென்சாரின் வயரைக் கழற்றி, முனையில் கறுப்பு டேப் சுற்றி, குழாய்க்குப் பின்னால் செருகியிருந்தார்கள். அலாரத்தின் இணைப்பையும் பிடுங்கி விட்டிருந்தார்கள். அதன்பிறகு கால்பகுதியைப் பிரித்து, தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மூன்று இதழ்கள் இல்லை. மீதி இதழ்கள் விறைத்து வளைந்திருந்தன. உடைந்த துண்டு ஒன்று மேலே போகும் தண்ணீர்க் குழாயில் சிக்கியிருந்தது. அந்த இம்பெல்லரின் விலை நான் கொடுத்த ரூ. 46,800-இல் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. சிலிண்டர் கீறிவிட்டதால் எஞ்சினுக்கு இன்னும் எவ்வளவு ஆகும் என்று அவரால் இப்போது சொல்ல முடியவில்லை.

பட்டறைக்குத் தொலைபேசியில் பேசினேன். முதலில் முதலாளி வெளியூரில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள், புல்லில் ஓட்டியது என் தவறு என்றார்கள். வயரின் படத்தை அனுப்பிய பிறகு, அது வேறு மெக்கானிக் செய்த வேலையாக இருக்கலாம் என்றார்கள். நேரில் போனபோது, "கடலில் சம்பாதிக்கிற எஞ்சினுக்கு நுகர்வோர் வழக்கெல்லாம் செல்லாது, போய்ப் பாருங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இது பொய். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் நேற்றே புகார் பதிந்துவிட்டேன்.

விரிவாக எழுதும் மனநிலையில் நான் இல்லை. இவற்றை மட்டும் கவனியுங்கள். அலாரம் ஒலித்தால் உடனே வேகத்தைக் குறைத்து, பின்னால் பீச்சும் தண்ணீரைப் பாருங்கள். அது மெலிந்திருந்தால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் நன்றாக வந்தும் அலாரம் நிற்காவிட்டால் எஞ்சின் ஆயிலைப் பாருங்கள். இம்பெல்லரையும், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிக் காட்டாமல் கண்ட்ரோல் பாக்ஸ் போய்விட்டது என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். டிரம்மில் மெதுவாக ஓட்டிக் காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

டேப் சுற்றிய அந்த வயரை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். நாளை காலை துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய பதிவுகள், படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறேன். அந்த ரூ. 46,800 எனக்குத் திரும்ப வர வேண்டும்.