54 கருவிகள் கொண்ட அந்தப் பெட்டி: கப்பல் மாதிரி கட்டத் தொடங்குகிறவர்கள் வாங்கிவிடாதீர்கள்

மரத்தில் கப்பல் மாதிரி கட்ட ஆசைப்பட்டு இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது கருவிகளைத்தான். நானும் அப்படித்தான் தேடினேன். கப்பலுக்கான மரத்துண்டுகள் அடங்கிய கிட் ஏற்கெனவே கையில் இருந்தது. 1:64 அளவு, பலகை இரண்டு அடுக்காக ஒட்டும் வகை. எந்தக் கருவி எதற்கு என்று தெரியாத நேரத்தில், இணையத்தில் ஒரு விற்பனையாளர் “தொடக்கநிலைக்கு முழுமையான தொகுப்பு, 54 கருவிகள்” என்று போட்டிருந்தார். இனி ஒன்றும் தேட வேண்டியதில்லை என்று நிம்மதியாக வாங்கினேன். அந்தப் பெட்டியால், ஒட்டி முடித்த சட்டங்கள் ஒன்பதையும் பிரித்து, கப்பலை ஆரம்பத்திலிருந்து கட்ட வேண்டியதாகிவிட்டது.

முதலில் அந்த 54 என்ற எண்ணைச் சொல்லிவிடுகிறேன். அதில் 20 கத்தி பிளேடு. 12 உப்புத்தாள் துண்டு, ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். 10 ட்ரில் பிட். ஆக 42 போய்விட்டது. மிச்சம் 12தான் கருவி என்று சொல்லத்தக்கவை: கத்திப் பிடி ஒன்று, கைத் துளைப்பான் ஒன்று, சாமணம் இரண்டு, ஊசி அரம் மூன்று, கிளாம்ப் இரண்டு, சின்ன ரம்பம், மூலைமட்டம், பலகை வளைக்கும் குறடு. விளம்பரப் படத்தில் எல்லாவற்றையும் விசிறி மாதிரி விரித்து வைத்திருந்ததால் நிறைய இருப்பது போலத் தெரிந்தது. எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இதில் பெரிய கேட்டைச் செய்தது மூலைமட்டம், அதாவது செங்கோணம் சரியா என்று பார்க்கும் கருவி. கத்தி மொண்ணையாக இருந்தால் வெட்டும்போதே தெரிந்துவிடும். மூலைமட்டம் தப்பாக இருந்தால் தெரியவே தெரியாது, அதை நம்பித்தானே மற்றதைச் சரிபார்க்கிறோம். கப்பலின் ஏரா, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுச் சட்டம், அதில் வெட்டியிருக்கும் காடிகளில் குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாகச் செருகி ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றும் ஏராவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். நான் ஒரே பக்கத்திலிருந்து மூலைமட்டத்தை வைத்து ஒன்பது சட்டங்களையும் பொறுமையாக ஒட்டினேன். ஒரு வாரம் ஆனது.

பலகை ஒட்டத் தொடங்கியபோதுதான் கோளாறு தெரிந்தது. இடப்பக்கம் ஒட்டிய பலகைக் கீற்றின் அளவிலேயே வலப்பக்கத்துக்கும் வெட்டினால் பொருந்தவில்லை. முன்பக்கம் ஒரு பக்கம் தூக்கலாகவும் மறுபக்கம் அமுங்கியும் இருந்தது. என் கைதான் சரியில்லை என்று நினைத்து மூன்று நாள் சட்டங்களின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் மூலைமட்டத்தைச் சோதித்தேன்.

சோதனை எளிது. நேரான விளிம்புள்ள ஓர் அட்டையில் மூலைமட்டத்தின் கட்டைப் பகுதியை ஒட்டி வைத்து ஒரு கோடு போடுங்கள். அதை அப்படியே மறுபக்கம் திருப்பி, கோடு தொடங்கிய அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் கருவி சரி. என்னுடையதில் 50 மி.மீ. தள்ளி இரண்டு கோட்டுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி. திருப்பிப் போடும்போது பிழை இரட்டிப்பாகத் தெரியும் என்பதால், உண்மையான பிழை 1 மி.மீ. அது சின்னதாகத் தோன்றலாம். ஆனால் சட்டத்தின் ஒரு முனை 1 மி.மீ. முன்னே போனால் மறுமுனை அதே அளவு பின்னே போகும். 1:64 அளவில் 1 மி.மீ. என்பது உண்மைக் கப்பலில் 6 செ.மீ.க்கு மேல். ஒன்பது சட்டமும் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றால் கப்பலே முறுக்கிக்கொள்ளும்.

ஒட்டியது வெள்ளை மரப்பசை என்பதால் பிழைத்தேன். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து இணைப்பில் வைத்திருந்தால் அந்தப் பசை இளகிவிடும். அப்படியே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இரண்டு சட்டம் முறிந்துபோயின. உடைந்த துண்டுகளை ஒட்டுப்பலகையில் வைத்து வரைந்து புதிதாக அறுத்துக்கொண்டேன். சூப்பர் க்ளூ போட்டிருந்தால் அசிட்டோன் வைத்து இன்னும் பாடுபட்டிருக்க வேண்டும்.

அடுத்தது கத்தி. இது ஆபத்து என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பிடியின் வாய் பிளேடை இறுக்கிப் பிடிக்கவில்லை. எவ்வளவு திருகினாலும் அழுத்தி வெட்டும்போது பிளேடு பக்கவாட்டில் ஆடியது. ஒருநாள் ஒட்டுப்பலகையை வெட்டும்போது பிளேடு திரும்பி இடக்கை ஆள்காட்டி விரலில் ஆழமாக இறங்கியது. காயம் ஆறிவிட்டது. ஆனால் கத்திப் பிடியில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்காதீர்கள். நல்ல பிடி ஒன்றும் 11ஆம் எண் பிளேடு ஒரு கட்டும் தனியாக வாங்குங்கள். வெட்டு இழுபட ஆரம்பித்தாலே பிளேடை மாற்றிவிடுங்கள். மொண்ணை பிளேடுக்கு அதிக அழுத்தம் வேண்டும், வழுக்குவதும் அதுதான்.

கைத் துளைப்பானில் நடந்தது அப்பட்டமான ஏமாற்று. பெட்டியில் 0.5 மி.மீ. முதல் பிட்கள் இருந்தன. ஆனால் துளைப்பானின் வாய் முழுக்க மூடினாலும் 0.8 மி.மீ.க்குக் குறைந்த எதையும் பிடிக்கவில்லை. கொடுத்த பிட்டைக் கொடுத்த கருவியிலேயே மாட்ட முடியாது! பித்தளை ஊசி ஆணி அடிக்க அந்தச் சின்ன அளவுதான் தேவை, முன்துளை போடாமல் அடித்தால் கீற்று பிளந்துவிடும். பெரிய பிட்களோ இரண்டு சுற்றில் முனை மழுங்கின. இப்போது ஹைஸ்பீடு ஸ்டீல் பிட் வைத்திருக்கிறேன். கார்பைடு இன்னும் கூர்மையானது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது நொறுங்கக்கூடியது. கையால் துளைக்கும்போது கொஞ்சம் சாய்ந்தாலே ஒடியும்.

பலகை வளைக்கும் குறட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடங்குகிறவர்களுக்கென்று விற்கும் பெட்டிகளில் இதைத்தான் பெருமையாக முன்னால் வைக்கிறார்கள். அது மரத்தை வளைப்பதே இல்லை. கீற்றின் ஒரு பக்கத்தில் வரிசையாக வெட்டு விழவைக்கிறது, அந்த வெட்டுகளில் மரம் மடங்குகிறது, அவ்வளவுதான். 1.5 மி.மீ. தடிப்புள்ள முதல் அடுக்கில் வளைவு வழவழப்பாக வராமல் கட்டம் கட்டமாக வந்தது. 0.5 மி.மீ. தடிப்புள்ள இரண்டாம் அடுக்குக்கான கீற்றில் ஒரு துண்டை எடுத்துச் சோதித்தேன், நேராக ஒடிந்தது. கீற்றை அரை மணி நேரம் வெந்நீரில் போட்டு, உருண்டையான டப்பாவில் சுற்றிக் கிளிப் மாட்டிக் காயவிட்டால் போதும். மரத்தை இளக்குவதில் வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு, நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் சூட்டில் தளரும். குளிர்ந்த நீரில் ஊறவைத்து மட்டும் வளைக்கப் பார்த்து நான் நிறைய கீற்றுகளை உடைத்தேன்.

சாமணத்தின் முனைகள் அழுத்தினால் ஒன்றையொன்று தாண்டிப் போயின. அரமும் ரம்பமும் பேச ஒன்றுமில்லாதவை.

திருப்பித் தரக் கேட்டேன். ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். கப்பல் கட்டுகிறவர் ஏழு நாளில் எல்லாக் கருவியையும் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஊசித் துளை போடும் கட்டம் எனக்கு இரண்டாவது மாதத்தில்தான் வந்தது. மூலைமட்டத்தின் இரட்டைக் கோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். பொழுதுபோக்குக் கருவியில் இவ்வளவு வித்தியாசம் சகஜம் என்று பதில் வந்தது. விமர்சனம் எழுதினேன். அதை நீக்கினால் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள். நான் நீக்கவில்லை.

எதை வாங்கினாலும் வந்த அன்றே சோதியுங்கள். மூலைமட்டத்துக்கு மேலே சொன்ன இரட்டைக் கோடு. சாமணத்தை வெளிச்சத்தில் பிடித்து, முனைகள் இடைவெளியில்லாமல் சேர்கின்றனவா என்று பார்ப்பது. துளைப்பானில் உங்களிடம் உள்ள மிகச் சின்ன பிட்டை மாட்டி இழுத்துப் பார்ப்பது. கத்தியில் பிளேடை மாட்டி, முனையை வீண் மரத்துண்டில் குத்தி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது. பத்து நிமிட வேலை.

நான் இப்போது மேசையில் வைத்திருப்பது நல்ல கத்தி, புது மூலைமட்டம், எஃகு ஸ்கேல், துளைப்பான், தட்டையான மரக்கட்டையில் சுற்றிய 120, 220, 400 எண் உப்புத்தாள், நிறைய துணி கிளிப். இவற்றை வைத்தே முதல் அடுக்குப் பலகை இரண்டு பக்கமும் முடிந்துவிட்டது. கயிறு கட்டும் கட்டம் வரும்போது அதற்கான சாமணத்தை வாங்கிக்கொள்வேன்.

அந்தப் பெட்டி இன்னும் விற்பனையில் இருக்கிறது. பெயரும் பெட்டியின் நிறமும் மாறியிருக்கின்றன, எண்ணிக்கை 67 ஆகியிருக்கிறது. மூலைமட்டம் மட்டும் அதேதான்: கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, மூன்று பித்தளை ஆணி, நடு ஆணி மட்டும் கொஞ்சம் மேலே தள்ளி இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.