நில ஆமையோடு ஆறு ஆண்டுகள்: விளக்கு எரிந்தால் மட்டும் போதாது

ஹெர்மன் இனத்து நில ஆமைக் குஞ்சு ஒன்றை வளர்க்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அன்று ஆசையாக வாங்கிய பொருள்களில் பாதியைத் தூக்கிப் போட்டாயிற்று. முதலில் போனது கண்ணாடித் தொட்டி. எதிரே தெரிகிற இடத்துக்கு ஏன் போக முடியவில்லை என்பது ஆமைக்குப் புரிவதில்லை. நாள் முழுக்கக் கண்ணாடியைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. அகலமான மரப்பெட்டிக்கு மாற்றிய பிறகுதான் அந்தச் சத்தம் ஓய்ந்தது.

விளக்கில்தான் நன்றாக ஏமாந்தேன். சுருள் வடிவப் புற ஊதா விளக்கு ஒன்றை மாட்டி, இரண்டு ஆண்டுகள் மாற்றவேயில்லை. பளிச்சென்று எரிகிறதே, பிறகென்ன என்ற நினைப்பு. ஒருநாள் குளிப்பாட்டும்போது ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன், அமுங்கிக் கொடுத்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு வலுவிழந்திருக்கிறது என்றார். வெளிச்சம் குறையாமலே விளக்கின் புற ஊதா பி கதிர் தேய்ந்துபோகும். அந்தக் கதிர் படாமல் தோலில் வைட்டமின் டி3 உண்டாகாது. டி3 இல்லாமல் கால்சியத்தைக் கொட்டிக் கொடுத்தாலும் உடம்பில் சேராது. மூடிய ஜன்னலோர வெயிலும் உதவாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். (அதையும் செய்து பார்த்தவன்தான்.)

இப்போது இருப்பது டி5 (T5) என்ற வகை நீளமான புற ஊதாக் குழல் விளக்கு. சூட்டுக்குத் தனி விளக்கு. அதன் அடியில் 35 டிகிரி செல்சியஸ், மறுகோடி குளிர்ச்சி. இரவில் முழு இருட்டு. மாட்டிய தேதியைக் குழலின் முனையில் எழுதி, ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுகிறேன். செலவுதான், ஆனால் ஓடு இப்போது கல் மாதிரி இருக்கிறது.

தீனியில் பிடிவாதம் எனக்குத்தான். தக்காளித் துண்டைக் கண்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு விரைந்து வரும். அதற்காகக் கொடுத்துவிட முடியுமா? இந்த இனத்துக்கு நார்தான் உணவு: களைச்செடிகள், செம்பருத்தி இலை, மல்பெரி இலை. பசலைக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்பதால் அதை நிறுத்திவிட்டேன். கால்சியத்துக்காகக் கணவாய் ஓடு ஒன்று பெட்டியிலேயே கிடக்கிறது. நினைத்தபோது கறுக் கறுக்கென்று கடிக்கும்.

எச்சத்தை அன்றன்றே எடுத்துவிடுவேன். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் நகரமாட்டேன், ஆமையிடமிருந்து தொற்றக்கூடிய சால்மோனெல்லா கிருமி பற்றிய பயம். முதல் ஆண்டு பெட்டியின் தரையைக் காயவிட்டதன் அடையாளம் ஓட்டின் நடுவில் கூம்பு கூம்பாக நிற்கிறது, அது இனி மறையாது. இப்போது ஒரு மூலை மண் எப்போதும் ஈரம். வாரம் இருமுறை வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறும். சிறுநீரோடு வரும் வெள்ளைக் கழிவு குழைவாக இருந்தால் நிம்மதி, மணல்போல் நறநறத்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

மாதம் ஒருமுறை எடை பார்க்கிறேன். தராசில் வைத்ததும் சிறுநீர் கழிக்கும் வழக்கத்தை மட்டும் ஆறு ஆண்டுகளில் மாற்ற முடியவில்லை. அதனால் நோட்டில் எப்போதும் இரண்டு எண்கள்: முன், பின்.