பத்து வயது லேப்ரடாருக்கு இன்சூரன்ஸ்: அமெரிக்காவில் நான்கு கம்பெனிகள்

இந்தியாவில் ஏழெட்டு வயதைத் தாண்டிய நாயைப் பெரும்பாலும் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். அமெரிக்காவில் அந்தக் கெடுபிடி இல்லை. டிருப்பேனியன் 14ஆவது பிறந்தநாள் வரை சேர்த்துக்கொள்கிறது. எம்ப்ரேஸ் 15 வயது ஆகிவிட்டால் விபத்துக்கு மட்டும் பாலிசி தரும். பெட்ஸ் பெஸ்ட், ஏஎஸ்பிசிஏ இரண்டுக்கும் மேல் வயது வரம்பே கிடையாது. சேர்ப்பது சுலபம். கிளெய்ம் போட்டதும்தான் நாயின் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்ட ஆரம்பிப்பார்கள்; பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று தெரிந்தால் பணம் கிடையாது.

அதனால் பிரீமியம் விசாரிக்கும் முன்பே, வெட் (கால்நடை மருத்துவர்) அலுவலகத்தில் முழு ரெக்கார்டையும் கேட்டு வாங்குங்கள். பில் போதாது, டாக்டர் ஒவ்வொரு வருகைக்கும் எழுதிய குறிப்பு வேண்டும். அதில் கம்பெனி தேடும் வரிகள் சில உண்டு. "வலது பின்னங்காலில் லேசான நொண்டல்" என்று இரண்டு வருடம் முன்பு எழுதியிருந்தால், நாளை அந்த முழங்கால் தசைநார் கிழிந்தாலும் பணம் வராது. பல பாலிசிகளில் இடது காலுக்கும் வராது. ஒரு பக்கம் வந்தது மறுபக்கமும் வரும் என்று கணக்கு வைத்து இரண்டையும் சேர்த்தே விலக்கிவிடுவார்கள். அந்த ஆபரேஷனுக்கு ஒரு காலுக்கே பல ஆயிரம் டாலர் ஆகும். "தண்ணீர் அதிகம் குடிக்கிறது" என்ற வரி இன்னும் மோசம். சர்க்கரை நோய், குஷிங்ஸ் (ஒரு ஹார்மோன் நோய்), சிறுநீரகக் கோளாறு மூன்றுக்குமே அது ஆரம்ப அறிகுறி. நோய்க்குப் பெயர் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை, அறிகுறி பதிவானாலே போதும்.

லேப்ரடாருக்குக் கொழுப்புக் கட்டி சாதாரணம். "கட்டி, ஊசி வைத்துப் பார்க்கவில்லை" என்று மட்டும் இருந்தால் பின்னால் வரும் புற்றுநோய் கிளெய்முக்கு அதுவே முட்டுக்கட்டையாகும். ஊசியில் எடுத்துச் சோதித்து "லிப்போமா" (வெறும் கொழுப்புக் கட்டி) என்று எழுதி, இருக்கும் இடமும் அளவும் குறித்திருந்தால் வாதாட வழி இருக்கிறது.

டிருப்பேனியனுக்கும் மற்ற மூன்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் டிடக்டிபிள், அதாவது பில்லில் முதலில் நாமே கட்டும் தொகை; அது போக மீதியில்தான் கம்பெனி தன் சதவீதத்தைத் தரும். மற்றவற்றில் அது வருடத்துக்கு ஒன்று. டிருப்பேனியனில் நோய்க்கு ஒன்று. ஒரு நோய்க்கு ஒருமுறை கட்டிவிட்டால் நாய் உயிரோடிருக்கும்வரை அந்த நோய்க்கு மறுபடி கட்ட வேண்டாம். எது லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிடக்டிபிள் இரண்டிலும் 500 டாலர். டிருப்பேனியன் 90 சதவீதம் தருகிறது, மற்றது 80 என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய்க்கு வருடம் 2,400 டாலர் வீதம் மூன்று வருடம் செலவானால் டிருப்பேனியனில் திரும்பக் கிடைப்பது 6,030. வருட டிடக்டிபிளில் 4,560தான். அதே நாய்க்கு ஒரே வருடத்தில் மூட்டுவலி, சிறுநீரகம், ஒரு கட்டி என்று மூன்று புது நோய் வந்து, ஒவ்வொன்றுக்கும் 1,000 டாலர் ஆனால் நிலைமை தலைகீழ்: டிருப்பேனியனில் 1,350, மற்றதில் 2,000. வயதான நாய்க்கு இரண்டாவது கணக்குதான் அடிக்கடி நடக்கும் என்பது என் கணிப்பு. ஆனாலும் பில் பெரிதாகப் பெரிதாக 90 சதவீதமும், தரும் பணத்துக்கு உச்சவரம்பு இல்லாததும் டிருப்பேனியன் பக்கம் தராசைச் சாய்க்கும். அவர்களுடைய மென்பொருள் இருக்கும் ஆஸ்பத்திரி என்றால் வெட்டுக்கே நேரடியாகப் பணம் போய்விடும், நீங்கள் முழுத் தொகையையும் முதலில் புரட்ட வேண்டியதில்லை. குறை: டாக்டர் பார்க்கும் கட்டணத்தைக் கொடுக்க மாட்டார்கள், பிரீமியமும் அதிகம்.

காது சீழ், வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று என்று வந்து முழுதாகக் குணமான வரலாறு இருந்தால் ஏஎஸ்பிசிஏதான் முதலில் பார்க்க வேண்டியது. 180 நாள் அறிகுறியும் சிகிச்சையும் இல்லாமல் இருந்தால் அதை முன்பே இருந்த நோயாக எண்ண மாட்டார்கள். முழங்காலுக்கும் தசைநாருக்கும் மட்டும் இந்தச் சலுகை இல்லை. டாக்டர் பார்க்கும் கட்டணத்தையும் கொடுப்பார்கள். எம்ப்ரேஸிலும் குணமாகும் நோய்க்கு இப்படி ஒரு வழி உண்டு, ஆனால் 12 மாதம் காத்திருக்க வேண்டும். பெட்ஸ் பெஸ்டில் டாக்டர் கட்டணமும் கிடைக்க வேண்டுமென்றால் நீங்கள் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். முழங்கால் தசைநாருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆறு மாதக் காத்திருப்பு, அதாவது பாலிசி எடுத்து அவ்வளவு நாள் ஆகும்வரை அதற்குப் பணம் வராது. 14 வயதைத் தாண்டிய, ரெக்கார்டு சுத்தமான நாய் என்றால் பெட்ஸ் பெஸ்டையும் ஏஎஸ்பிசிஏவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை பாருங்கள்.

விபத்துக்கு மட்டும் என்று மலிவாக வரும் பாலிசியை வயதான நாய்க்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இந்த வயதில் வருவது பெரும்பாலும் நோய். வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது இரவோடு இரவாக ஆபரேஷன் கேட்கும் அவசரம், அதைக்கூடப் பல பாலிசிகள் நோய்க் கணக்கில்தான் வைக்கின்றன.

பாலிசி எடுத்த அன்றே மருத்துவ வரலாற்றை ஆய்வு செய்து, எதெல்லாம் விலக்கு என்று எழுத்தில் தரும்படி கேளுங்கள். எம்ப்ரேஸ் இதைச் சேவையாகவே வைத்திருக்கிறது. எடுத்த முதல் சில வாரத்துக்குள், கிளெய்ம் எதுவும் போடாதவரை, ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்ப வாங்கலாம்; எத்தனை நாள் என்பது மாநிலத்துக்கும் கம்பெனிக்கும் மாறும், 15 அல்லது 30 நாள் வழக்கம். பதில் அதற்குள் வந்துவிட வேண்டும், ஆகவே ரெக்கார்டை நீங்களே அனுப்பிவிடுங்கள். வெட் அலுவலகம் அனுப்பட்டும் என்று விட்டால் நாள் ஓடிவிடும். காத்திருப்புக் காலத்தில் தென்படும் அறிகுறியும் முன்பே இருந்ததாகவே எண்ணப்படும். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். "இரண்டு வாரமாகச் சாப்பிடவில்லை" என்று நீங்கள் டாக்டரிடம் சொல்வதும் குறிப்பில் ஏறும்.

கிளெய்மை மறுத்தால் எந்தத் தேதியின் எந்தக் குறிப்பை வைத்து மறுத்தார்கள் என்று கேளுங்கள். மாநில இன்சூரன்ஸ் கமிஷனர்கள் சங்கத்தின் 2022 மாதிரிச் சட்டத்தை அப்படியே ஏற்ற மாநிலங்களில், முன்பே இருந்த நோய்தான் என்று நிரூபிப்பது கம்பெனியின் பொறுப்பு. நொண்டலுக்கும் இப்போதைய நோய்க்கும் சம்பந்தமில்லை என்று வெட் ஒரு கடிதம் தந்தால் மேல்முறையீட்டில் அதற்கு மதிப்புண்டு.

பெரிய நகரத்தில் பத்து வயது லேப்ரடாருக்கு மாதம் 100 டாலரைத் தாண்டுவது சகஜம், வருடாவருடம் ஏறவும் செய்யும். ஏறுகிறதே என்று கம்பெனியை மாற்றினால் இதுவரை வந்த நோயெல்லாம் புதிய இடத்தில் முன்பே இருந்த நோயாகிவிடும். இருக்கும் பாலிசியிலேயே டிடக்டிபிளை 250இலிருந்து 500க்கோ 1,000க்கோ ஏற்றுங்கள், பிரீமியம் இறங்கும். பின்னால் மறுபடி குறைக்கக் கேட்டால் ஒத்துக்கொள்வார்களா என்பதை மட்டும் ஏற்றும் முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.