கிரியேட்டின் மொனோஹைட்ரேட் தூள்: மட்டக்களப்பில் வாங்குவோருக்கு

தசையின் திடீர் வலுவுக்கு உதவும் கிரியேட்டின் என்னும் பொருளின் தூள் இது. 300 கிராம் டின், சுவை சேர்க்காதது. நாளுக்கு 5 கிராம் வீதம் 60 நாளுக்கு வரும். வாங்குமுன் லேபலைப் பாருங்கள்: கிரியேட்டின் மொனோஹைட்ரேட் மட்டும் இருந்தால் போதும். ஹைட்ரோகுளோரைடு வகைக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

ஒரு கிலோ பச்சை மீனிலேயே ஏறத்தாழ 4 கிராம்தான் கிரியேட்டின் உண்டு, சமைக்கையில் அதிலும் குறையும். அதனால் மீன் தின்னும் ஊரிலும் இந்தத் தூளுக்கு வேலை இருக்கிறது. பாரம் தூக்குதல், குறுந்தூர ஓட்டம் போன்ற சில விநாடி முழுவலு வேலைகளில் பலன் தெளிவு. நெடுந்தூர ஓட்டத்துக்கு அவ்வளவில்லை.

நாள் தவறாமல் 3 முதல் 5 கிராம் எடுத்தால் மூன்று நான்கு கிழமையில் தசையில் கிரியேட்டின் நிரம்பிவிடும். முதல் கிழமை நாளுக்கு 20 கிராம் எடுப்பது கட்டாயமில்லை, அதை ஒரே தடவையில் குடித்தால் வயிற்றோட்டம்தான் வரும். இளஞ்சூட்டு நீரில் கலக்கி உடனே குடியுங்கள். கரைத்து வைத்தால் மெல்ல மெல்லக் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளாக மாறிப் பயனற்றுப் போகும்.

வாவிக்கரை ஈரக்காற்றில் தூள் கட்டிபட்டுவிடும். உடைத்துப் பாவிக்கலாம், கெட்டதல்ல. ஈரக் கரண்டி மட்டும் வேண்டாம்.

எடை ஒன்றிரண்டு கிலோ கூடும், அது தசைக்குள் சேரும் நீர். சிறுநீரகத்தைச் சோதிக்க இரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் அளவு சற்று உயரலாம், எனவே தூள் எடுப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் அவரைக் கேட்காமல் தொடவே கூடாது.