தூரக் காணியா, மேல்மாடியா, தொடர்மாடியா? மட்டக்களப்பில் மகளுக்கு ஒரு வீடு

மட்டக்களப்பில் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் மகளில்தான் தொடங்கும். ஆண்பிள்ளை எங்கேயாவது சமாளித்துக்கொள்வான், பொம்பிளைப் பிள்ளைக்கு ஒரு வீடு வேணும் என்பது இங்கே தாய் தகப்பனின் வாழ்நாள் வேலை. குடியிருக்கும் வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வளவின் பின்பக்கம் ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு அங்கே இன்னொரு அத்திவாரம் விழும். தமிழ் ஊரானாலும் முஸ்லிம் ஊரானாலும் வழக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த முறையில்தான் கல்லடியும் காத்தான்குடியும் ஆரையம்பதியும் வீட்டுக்குள் வீடாக நிறைந்தன. இனிப் பிரிக்க வளவு இல்லை.

ஒரு பேர்ச் 272 சதுர அடி. பத்துப் பேர்ச் வளவு என்றால் 2,700 சதுர அடிக்குச் சற்று மேல். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளில் ஒரு காணித் துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது. அது கிட்டத்தட்ட ஆறு பேர்ச். ஆகவே பத்துப் பேர்ச்சை இரண்டு மகள்களுக்குப் பிரித்தால் இரண்டு துண்டும் தேறாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் பக்கவாட்டில் வளரப் போவதுமில்லை. மூன்று வழிகள் மிச்சம். நகருக்கு வெளியே காணி வாங்கித் தனி வீடு கட்டலாம். இருக்கிற வளவில் மேலே ஏற்றலாம். இல்லையென்றால் கம்பனி கட்டும் உயர்மாடியில் ஒரு வீட்டுக்கு அச்சாரம் கொடுக்கலாம். எட்டு மாடி, பத்து மாடி என்ற பேச்சு இப்போது எங்கள் பக்கமும் வந்துவிட்டதால் இந்த மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான குடும்பங்களுக்கு நடு வழிதான் சரி என்பது என் முடிவு. ஆனால் இப்போது நாங்கள் மேல்மாடி கட்டும் விதத்தில் அல்ல.

தூரக் காணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் நன்மை எல்லோருக்கும் தெரியும். திராய்மடு, சத்துருக்கொண்டான், வவுணதீவுப் பக்கம் அதே காசுக்கு அகலமான வளவு கிடைக்கும். தென்னை வைக்கலாம், கிணறு வெட்டலாம். கட்டாரிலிருந்து மகன் காசு அனுப்பும் மாதம் சுவர் எழும்பும், அனுப்பாத மாதம் வேலை நிற்கும், யாரும் கேட்கப் போவதில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் நொத்தாரிசிடம் எழுதி வாங்கினால் அந்த எழுத்து நிற்காது. இரண்டாவது தண்ணீர். வயலை நிரப்பிய காணியா என்று கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது. சட்டத்தை விட மாரி கடுமையானது. 2011 தை மாத வெள்ளத்தில் எந்த ஒழுங்கையில் எவ்வளவு தண்ணி நின்றது என்பதை அயலாரிடம் விசாரித்து, முடிந்தால் மார்கழியில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். ஆடியில் பார்த்த காணி எதுவும் நல்ல காணியாகத்தான் தெரியும்.

இனி உயர்மாடி. இதை எதிர்த்துப் பேசுவது சுலபம், அதனால் அதன் பக்க நியாயத்தை முதலில் வைக்கிறேன். 2004 சுனாமியில் நாவலடியிலும் டச்பாரிலும் கல்லடித் திருச்செந்தூரிலும் செங்கல் சுவர் வீடுகள் அத்திவாரத்தோடு போயின. கொங்கிறீட் தூண்களில் நின்ற மாடிக் கட்டடங்கள் பல தப்பின, அவற்றின் மேலே ஏறியவர்களும் தப்பினார்கள். நாற்பது குடும்பம் அரை ஏக்கரில் இருந்தால் நாற்பது வளவுக்காக வயலும் கண்டலும் அழிய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், தாய் மட்டும் தனியே என்றால், பெரிய வளவைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு இராப் பயத்தோடு கிடப்பதை விடக் காவலாளி உள்ள கட்டடம் அவருக்கு நல்லது. இவை பொய் நியாயங்கள் அல்ல.

ஆனால் கொழும்பில் நிற்கும் கட்டடத்தின் படத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியாது. முதற் காரணம் காற்று. 1978 கார்த்திகை (நவம்பர்) 23ஆம் திகதி அடித்த சூறாவளிக்குப் பிறகு கட்டட வடிவமைப்புக்காக இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தார்கள். கொழும்பு மூன்றாவது வலயம், அங்கே சாதாரணக் கட்டடத்துக்குச் செக்கனுக்கு 33 மீற்றர் வேகம் என்று கணக்கிடுவார்கள். கிழக்குக் கரை முதலாவது வலயம், இங்கே 49 மீற்றர். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால் அதே சுவருக்கும் அதே கண்ணாடிக்கும் இங்கே விழும் அழுத்தம் கொழும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். உயரம் கூடக் கூடக் காற்றும் கூடும். கடலைப் பார்க்கும் முழுக் கண்ணாடிப் பலகணியைப் படத்தில் காட்டி விற்பவரிடம், எந்த வலயத்துக்கு இந்தக் கண்ணாடியைக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்க வேண்டும். சூறாவளிக்குப் பிறகு முறிந்த தென்னந்தோட்டங்களைப் பார்த்த மூத்தவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, நிலத்துக்குக் கீழே இருப்பது. கல்லடி போன்ற மணல் துண்டில் நல்ல தண்ணி உப்புத் தண்ணியின் மேலே மிதக்கிறது. நல்ல தண்ணி மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால், கணக்குப்படி உப்பு நாற்பது மீற்றர் வரை மேலேறும். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணி போதாமல் உயர்மாடி ஒன்று குழாய்க் கிணறு போட்டு இறைத்தால், முதலில் உவர்ப்பது பக்கத்து வளவுக் கிணறுதான். கழிவு அதை விடப் பெரிய பிரச்சினை. நாற்பது வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 120 லீற்றர் என்று அடக்கமாக வைத்தாலும் நாளைக்கு 19,000 லீற்றருக்கு மேல் தண்ணி செலவாகும். அதில் பெரும்பகுதி கழிவாக வெளியே வரும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு மலக்குழிதான் கதி. மார்கழியில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு வந்தபின் அந்தக் குழி எதை உறிஞ்சும்? கட்டடத்துக்கென்றே ஒழுங்கான சுத்திகரிப்பு நிலையம் இல்லாவிட்டால் அவ்வளவும் வாவிக்குத்தான் போகும். இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் வாவி அது. இதைப் பற்றிப் பேசாத எந்த உயர்மாடித் திட்டத்தையும் நான் நகரத்தின் வளர்ச்சி என்று ஏற்கமாட்டேன்.

மூன்றாவது பராமரிப்பு. உப்புக் காற்றில் கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும், வீங்கினால் கொங்கிறீட் வெடித்துக் கொட்டும். கடலோரத்தில் கம்பிக்கு வெளியே 40, 50 மில்லிமீற்றர் மூடு வேண்டும் என்பது அதற்காகத்தான். வெடிப்பு வந்தால் தனி வீட்டுக்காரர் மேசனைக் கூப்பிட்டுத் திருத்துவார். தொடர்மாடியில் நாற்பது வீட்டாரும் காசு போட வேண்டும். லிப்டும் அப்படித்தான், நீர்ப் பம்பும் ஜெனரேற்றரும் அப்படித்தான். 2022 பங்குனி (மார்ச்) கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது டீசலுக்கும் வரிசை நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் எட்டாம் மாடியில் இருக்கும் முழங்கால் வருத்தக்காரத் தாய் எப்படி இறங்கியிருப்பார்? பம்பும் ஜெனரேற்றரும் மின்பலகையும் வைக்கும் இடம் கீழ்த்தளம் என்றால், கடல் உள்ளே வரும் ஒரு நாளில் மேலே உயிர் தப்பியவர்களுக்கும் மறுநாள் தண்ணியும் வெளிச்சமும் இருக்காது.

1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. வீட்டுக்காரர்கள் எல்லோரும் உறுப்பினராகும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று இருக்க வேண்டும், அது மாதப் பணம் அறவிட்டுப் பொது இடங்களைப் பார்க்க வேண்டும். நடைமுறையில் எப்படி என்பதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. சுனாமிக்குப் பிறகு கல்முனை கிரீன்பீல்டில் தொடர்மாடி வீடுகள் கட்டினார்கள். உயர்மாடியில் வீடு வாங்க நினைப்பவர்கள் ஒரு பின்னேரம் அங்கே போய்க் குடியிருப்பவர்களோடு கதைக்க வேண்டும். மலக்குழியை யார் இறைப்பது, தண்ணித் தாங்கியை யார் கழுவுவது, காசு தராத வீட்டை என்ன செய்வது என்று கேட்க வேண்டும். எந்த விற்பனைப் புத்தகத்திலும் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்கு முக்கியம். செத்த வீடு. எங்கள் ஊரில் மரணம் வளவுக்குள்தான் நடக்கும். பந்தல் போட்டு, கதிரை பரப்பி, ஊர் வந்து உட்காரும். எட்டாம் நாள் வரை அயலவர் சமைத்துக் கொண்டு வருவார்கள். கலியாணத்துக்கு மண்டபம் எடுக்கலாம், இதற்கு எடுக்க மனம் வராது. பெட்டி லிப்டுக்குள் நுழையுமா, கீழே நூறு பேர் இருக்க இடம் உண்டா என்று கட்டுபவர்கள் யோசிக்கிறார்களா? கீழ்த்தளம் முழுவதையும் வாகனத்துக்கும் கடைக்கும் கொடுத்துவிட்டுப் பொது மண்டபம் என்று ஒரு சின்ன அறையை விட்டால், அந்தக் கட்டடம் மட்டக்களப்பு மனிதருக்காகக் கட்டியது அல்ல.

நடு வழிக்கு வருகிறேன். தரையோடு மூன்று மாடி, கூடினால் நான்கு. லிப்ட் இல்லாமல் ஏறலாம், ஏறமுடியாதவர் கீழே இருப்பார். மகள்கள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் இருந்தாலும் வளவு ஒன்றுதான், கிணறு ஒன்றுதான், தாயின் கண்பார்வைக்குள்தான் பேரப்பிள்ளைகள். பழைய வழக்கம் முறியாமல் நிமிர்ந்து நிற்பது இந்த முறையில்தான். காசு வரும் வேகத்தில் கட்டலாம் என்ற தனி வீட்டின் சலுகையும் கிடைக்கிறது.

பிழை நடப்பது கட்டும் விதத்தில். முதலில் ஒரு மாடிக்கு அத்திவாரம் போடுவோம், பிறகு யோசிப்போம் என்பார்கள். பத்து வருடம் கழித்து அதே அத்திவாரத்தில் இரண்டு மாடி ஏறும். பிளேட்டுக்கு, அதாவது கொங்கிறீட் தட்டுக்கு, மேலே எதிர்காலத்துக்கென்று நீட்டி விட்ட கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பாதி மெலிந்திருக்கும். அதிலேயே புதுக் கம்பியைக் கட்டித் தூணை உயர்த்துவார்கள். வாவி ஓரக் களிமண்ணில் ஒரு மூலை இறங்கத் தொடங்கினால் மொத்த வீட்டையும் அது கிழிக்கும். தொடக்கத்திலேயே மூன்று மாடிக்கான அத்திவாரத்தையும் தூணையும் ஒரு பொறியியலாளரைக் கொண்டு கணக்கிட்டுப் போட்டுவிட்டு, ஒரு மாடியோடு நிறுத்தினால் பரவாயில்லை. நீட்டிய கம்பிக்குச் சீமெந்துப் பால் பூசி, சீமெந்து குறைத்த மெலிந்த கொங்கிறீட்டால் மூடி வையுங்கள், பிறகு உடைத்து எடுக்கலாம். படிக்கட்டை வெளியே வையுங்கள், இல்லையென்றால் மேல்வீட்டு மருமகன் ஒவ்வொரு நாளும் கீழ்வீட்டு மண்டபத்தால் நடக்க வேண்டிவரும். மீற்றரும் தண்ணிக் குழாயும் ஆரம்பத்திலேயே தனித்தனி.

எழுத்து விசயத்தில் எங்களவர்கள் இன்னும் கவனமில்லை. மேல்மாடியை இளையவளுக்குக் கொடுத்தேன் என்று வாயால் சொன்னால் போதாது. சாதாரண உறுதியில் எழுதினால் அது முழு ஆதனத்திலும் பிரிக்கப்படாத பங்காகத்தான் நிற்கும், எந்த மாடி யாருக்கு என்று அது பேசாது. தாய் தகப்பன் போனபின் வழக்கு வரும், வங்கியும் ஈட்டுக்கு எடுக்கத் தயங்கும். முன்பு சொன்ன அதே 1973ஆம் ஆண்டுச் சட்டம் கம்பனிகளுக்கு மட்டும் உரியதல்ல. இரண்டு வீடு உள்ள மாடிக் கட்டடத்துக்கும் நில அளவையாளரைக் கொண்டு எந்தப் பகுதி எந்த வீடு என்று காட்டும் கூட்டாதனப் படம் வரைந்து, கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையின் சான்றோடு பதியலாம். அப்போது ஒவ்வொரு மாடிக்கும் தனி உறுதி. அதற்குச் செலவும் அலைச்சலும் உண்டு, கட்டட அனுமதி ஒழுங்காக இருக்கவும் வேண்டும். ஆனாலும் அக்கா தங்கை முகம் பார்த்துக் கதைக்க முடியாமல் போவதை விட அது மலிவு.

உயர்மாடி யாருக்கு என்று கேட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்ட உறவுகளுக்கு அது உண்மையான வாய்ப்பு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுதுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. மற்றவர்களுக்குத் தொடர்மாடி வீட்டில் விதிவிலக்கு உண்டு, முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே வர வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு. கனடாவில் இருக்கும் மாமா தம்பியின் பெயரில் காணி வாங்கிவிட்டுப் பிறகு மனஸ்தாபப்படுவதை விட, தன் பெயரில் ஒரு வீட்டை வாங்குவது இருவருக்கும் நல்லது.

இடம் மட்டும் கடலோரமாக இருக்கக்கூடாது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டத் தனி அனுமதி வேண்டும். கடலோடு சேரும் வாவி ஓரத்தில் அந்த எல்லை இன்னும் உள்ளே போகும். நாவலடியிலோ கல்லடிக் கடற்கரையிலோ பத்து மாடி எழும்புவதை விட, வாவிக்கு மேற்கே, பிரதான வீதியோடு, சொந்தச் சுத்திகரிப்பு நிலையத்துடன் ஆறு மாடி எழும்பினால் நான் முதலில் போய்ப் பார்ப்பேன். பார்க்கப் போகிறவர்கள் அச்சாரத்துக்கு முன் கட்டட அனுமதியின் பிரதி, காணியின் உறுதி, அது வங்கியில் ஈடாக இருக்கிறதா என்பது, கூட்டாதனப் படம் எப்போது பதியப்படும் என்பது, இவ்வளவையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராதவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.