பம்பர் கீறலுக்கு கிளெய்ம் போடலாமா? ஓடி பாலிசியின் கணக்கு

கார் இன்சூரன்ஸில் இரண்டு பாதி உண்டு. அடுத்தவருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி ஒன்று, நம் வண்டிக்கான ஓன் டேமேஜ், அதாவது ஓடி, இன்னொன்று. திருட்டு, வெள்ளம், பெரிய விபத்து என்றால் ஓடி பாலிசியைக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அடுக்குமாடி பேஸ்மென்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் உரசிய பம்பருக்கு அது சுமாரான சரக்குதான். கிளெய்மை மறுக்கிறார்கள் என்பதல்ல பிரச்சினை. இந்தக் கையால் கொடுத்ததை ஐந்து வருட பிரீமியத்தில் அந்தக் கையால் வாங்கிவிடுகிறார்கள்.

வாங்கும் வழி நோ கிளெய்ம் போனஸ், என்சிபி. கிளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் முடிந்தால் ஓடி பிரீமியத்தில் 20% கழிவு, அடுத்தடுத்து 25, 35, 45, ஐந்து வருடம் முடிந்தால் 50%. தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கு இந்தக் கழிவு கிடையாது. கிளெய்ம் தொகை 3,000 ரூபாயோ 3 லட்சமோ, பணம் பட்டுவாடா ஆனால் அடுத்த ரினியூவலில் கழிவு பூஜ்யம். நிறுத்தியிருந்த வண்டியை யாரோ உரசிவிட்டுப் போயிருந்தாலும் அதே கதிதான்.

பெரும்பாலானவர்கள் அடுத்த வருடம் எவ்வளவு கூடும் என்று மட்டும் பார்க்கிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. கழிவுக்கு முந்தைய ஓடி பிரீமியம் வருடம் ரூ.10,000, இப்போது என்சிபி 35% என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் போடாவிட்டால் வரும் வருடங்களில் 45, 50, 50, 50, 50. போட்டால் 0, 20, 25, 35, 45. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 45, 30, 25, 15, 5. மொத்தம் 120%, அதாவது ரூ.12,000. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.14,160. வண்டி பழசாக ஆக ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்கு வைத்திருக்கும் மதிப்பு, குறையும், பிரீமியமும் இறங்கும். வருடம் 10% இறங்குவதாக வைத்தாலும் ஏறக்குறைய ரூ.12,500 வருகிறது.

உங்கள் பாலிசிக்கு இதை மனக்கணக்காகவே போடலாம். இப்போதைய என்சிபி 45 அல்லது 50% என்றால் மொத்த இழப்பு ஒரு வருட ஓடி பிரீமியத்தைப்போல் 1.25 மடங்கு. 25% என்றால் 1.05, 20% என்றால் 0.8. புது வண்டியின் முதல் வருடத்தில் 0.5தான், ஏனென்றால் இழக்க இன்னும் அதிகம் சேரவில்லை. இதில் பலர் மறப்பது ஒன்று: என்சிபி வண்டியைச் சேர்ந்தது அல்ல, உரிமையாளரைச் சேர்ந்தது. அடுத்த வருடம் பெரிய வண்டி வாங்கும் திட்டம் இருந்தால் அந்தக் கழிவு அதன் பெரிய பிரீமியத்துக்கு மாறும். அப்போது ஒரு பம்பர் கிளெய்மின் விலை இன்னும் ஏறும்.

சரி, கிளெய்மில் என்ன கிடைக்கும்? பின் பம்பர் ரூ.4,000, இரண்டு பேனல் பெயின்டிங் ரூ.7,000, டிங்கரிங் கூலி ரூ.1,500, ஆக பில் ரூ.12,500 என்று கொள்வோம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வண்டியின் வயது என்னவானாலும் 50% தேய்மானம் பிடிப்பார்கள்: ரூ.2,000. பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள்: ரூ.875. கட்டாய டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1500 சிசி வரையிலான காருக்கு ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000. சின்ன வண்டி என்றால் கம்பெனி தருவது ரூ.8,625. தேய்மானம் பிடிக்காமல் இருக்கக் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் ஜீரோ டெப் இருந்தால் ரூ.11,500. எந்தப் பக்கம் பார்த்தாலும் 12,500 ரூபாய் இழப்புக்குக் கீழேதான். அதே வேலையை நல்ல டிங்கரிங் பட்டறையில் பம்பரை மாற்றாமல் பிளாஸ்டிக் வெல்டிங் வைத்து, பட்டி போட்டு, பெயின்ட் அடித்தால் பில்லே இறங்கிவிடும். மெட்டாலிக், பேர்ல் கலர்களில் மட்டும் ஷேடு பொருந்துவது பட்டறையின் கையைப் பொறுத்தது.

கிளெய்ம் லாபமாகும் இடங்களும் உண்டு. எல்இடி ஹெட்லைட் முழுசாக உடைந்தால் ஒரே பாகம் பில்லைத் தூக்கிவிடும். பம்பருக்குள் ரேடார் அல்லது பார்க்கிங் சென்சார் உள்ள வண்டிகளிலும் அப்படியே. பின் சக்கரத்துக்கு மேலே உள்ள குவார்ட்டர் பேனல் இன்னொன்று. கதவு, பானெட் போலப் போல்ட்டில் மாட்டியது அல்ல அது, பாடியோடு வெல்டிங் ஆனது. மாற்ற வேண்டுமென்றால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் எஸ்டிமேட் வாங்காமல் கைக்காசு என்று முடிவு கட்டாதீர்கள். வெளியே கீறல்தான் தெரியும். உள்ளே பிராக்கெட், கிளிப், இம்பாக்ட் பீம் போயிருக்கலாம். டிக்கிக்கும் பம்பருக்கும் இடையிலான இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவா, டிக்கி தட்டாமல் மூடுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் விரிந்திருந்தால் பம்பரைக் கழற்றிப் பார்த்த பிறகே பேச்சு.

கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது, அதனால் விண்ட்ஷீல்டு கிளெய்ம் பழுதில்லை. சில பாலிசிகள் கண்ணாடி மட்டும் உடைந்தால் என்சிபியைத் தொடுவதில்லை; உங்கள் பாலிசி வாசகத்தில் அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆட்-ஆன்களில், அதாவது கூடுதல் காப்புகளில், ஜீரோ டெப் புது வண்டிக்கு உருப்படியானது. ஆனால் பல கம்பெனிகளில் வருடத்துக்கு இரண்டு கிளெய்ம் என்ற வரம்பு உண்டு. "இதுதான் இருக்கே, கீறலுக்கெல்லாம் போட்டுக்கலாம் சார்" என்று சர்வீஸ் சென்டரில் சொல்வதைக் கேட்டு, அதை பெயின்ட் செலவுக்கான கூப்பன் போல நினைப்பதுதான் தப்பு. தேய்மானத்தை அது காப்பாற்றும், என்சிபியை அல்ல. அதற்கு என்சிபி புரொடெக்ட் என்று தனியாக ஒன்று. ஐம்பது சதவீதம் சேர்த்து வைத்தவருக்கு அது பொருந்தும், முதல் வருடக்காரருக்கு வீண். வாலன்டரி டிடக்டிபிள், அதாவது 2,500, 5,000, 7,500 அல்லது 15,000 ரூபாய் வரை நானே ஏற்கிறேன் என்று சொல்லிப் பிரீமியத்தைக் குறைப்பது, சின்னச் சேதத்துக்கு எப்படியும் கிளெய்ம் போடாதவருக்குச் சரியான தேர்வு.

போடுவது என்று முடிவானால் வரிசை முக்கியம். வண்டி நின்ற நிலையிலேயே நம்பர் பிளேட் தெரியப் போட்டோ, பிறகு கம்பெனிக்குத் தகவல், கிளெய்ம் நம்பர், ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட், சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் பார்வை, அதன் பின்பே வேலை. சர்வேக்கு முன் பம்பரைக் கழற்றிப் புதுசு மாட்டினால் கிளெய்ம் சிக்கலாகிவிடும். ஆர்சி, லைசென்ஸ், பாலிசி நகல் கையில் இருக்கட்டும். ஆறு மாதப் பழைய கீறலையும் இதோடு ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கீறலின் உயரம், திசை, பிடித்திருக்கும் துரு எல்லாம் சர்வேயருக்குக் காட்டிக்கொடுக்கும். இரண்டு தனிச் சம்பவம் என்றால் இரண்டு கிளெய்ம், டிடக்டிபிளும் இரண்டு முறை.

உரசியது அடுத்தவர் வண்டியை என்றால் தேர்ட் பார்ட்டி காப்பு இருக்கிறதே என்று தோன்றும். சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை காப்பு உண்டுதான், ஆனால் வழி போலீஸ் புகார், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் என்று நீளும். 5,000 ரூபாய் கதவுக் கீறலுக்கு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அங்கேயே பேசி முடிப்பார்கள். ஓடி கிளெய்மும் போடும் எண்ணம் இருந்தால் மட்டும், கம்பெனிக்குச் சொல்லாமல் எழுத்தில் எந்த ஒப்புதலும் கொடுக்காதீர்கள்.

கைக்காசில் வேலை முடித்தவர்கள் ரினியூவலைத் தள்ளிப்போடக் கூடாது. பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால் காப்பாற்றிய என்சிபி மொத்தமும் போய்விடும். கிளெய்ம் வாங்கிவிட்டு, வேறு கம்பெனிக்கு மாறும்போது "கிளெய்ம் இல்லை" என்று டிக் அடிப்பதும் செல்லாது. புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்யும். பொய் தெரிந்தால் அடுத்த பெரிய கிளெய்மில்தான் கைவைப்பார்கள்.