ஊட்டிக் குளிருக்கு எது? ஆயில் ஹீட்டர், புளோயர், கரிச்சட்டி, பெட் வார்மர்

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டியில் உறைபனி விழும். தலைகுந்தா போன்ற பள்ளமான இடங்களில் விடியும்போது புல் வெளுத்துக் கிடக்கும். ஆனால் வீட்டுக்குள் நடுங்குவதற்குப் பனியை மட்டும் குறை சொல்ல முடியாது. 90 செ.மீ. அகலக் கதவுக்கு அடியில் 1 செ.மீ. சந்து இருந்தால், சுவரில் 9 செ.மீ.க்கு 10 செ.மீ. ஓட்டை போட்டு வைத்த மாதிரிதான். பழைய சாக்கைச் சுருட்டி அதை அடைத்த பிறகுதான் ஹீட்டர் பேச்சே.

“ஆயில் ஹீட்டர் ஆக்சிஜனை எரிக்காது” என்பார்கள். எந்த மின் ஹீட்டரும் எரிக்காது. கரண்ட் மிச்சம் என்பதும் பாதிதான் உண்மை. 1 யூனிட் மின்சாரம் எந்த ஹீட்டரில் போனாலும் ஒரே அளவு சூடுதான். அது எங்கே, எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

புளோயர் போட்ட ஒரு நிமிடத்தில் சூடான காற்று வரும், அணைத்ததும் போய்விடும். சத்தமும் உண்டு. சீசனில் முதல்முறை போடும்போது வரும் தீய்ந்த வாடை உள்ளே படிந்த தூசி, துடைக்காமல் ஓட்டாதீர்கள். குழாய் சிவந்து எரியும் குவார்ட்ஸ் ஹீட்டர் 400, 800 வாட்டில் கிடைக்கும். காற்றை விட்டுவிட்டு எதிரில் இருப்பவரைச் சூடாக்கும் என்பதால், ஓட்டுவீட்டில் மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இதுவே சரி. முதுகு மட்டும் குளிரும். திரைச்சீலை, போர்வையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

ஆயில் ஹீட்டருக்குள் அடைத்திருக்கும் எண்ணெய் சூடேற கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு அறையின் சூட்டைப் பார்த்து தெர்மோஸ்டாட் தானே அணைத்து அணைத்துப் போடும், சத்தமில்லை. குழந்தை தூங்கும் அறைக்கு இதைத்தான் சொல்வோம், கதவுச்சந்து அடைபட்டிருந்தால். தகரக் கூரைக்குக் கீழே சீலிங் இல்லாத அறையில் தெர்மோஸ்டாட் அணையவே அணையாது. 2000 வாட் தினம் 4 மணி நேரம் அப்படி ஓடினால் 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 480. வீட்டின் மற்ற செலவும் சேர்ந்தால் 500-ஐத் தாண்டிவிடும், அதைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் ஏறும்.

2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும். கன்வர்ட்டர் போட்டு 6 ஆம்பியர் பாயிண்டிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகினால் முதலில் பிளக் இளகும், பிறகு கருகும். அரை மணி நேரம் ஓடியதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் உடனே அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கரிச்சட்டி மலிவு, கரண்ட் போனாலும் உதவும். வாசலில் சுற்றி உட்கார்ந்து குளிர்காய நல்லது, படுக்கும் அறைக்குக் கூடவே கூடாது. கனிந்த கரியில் புகை இல்லையே என்று உள்ளே கொண்டுவருகிறார்கள்; கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு அந்தக் கனலில்தான் வருகிறது. அதற்கு நிறமோ வாடையோ இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று போகும், தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. சன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் விஷம். பிறகு எதற்கு அது? புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரிலும் இதே ஆபத்து உண்டு. போதாததற்கு, 1 கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும். ஏற்கெனவே ஓதம் காத்த சுவரில் பூஞ்சை பிடிக்க அது போதும்.

ராத்திரிக்கு மட்டும்தான் தேவை என்றால் அறையை விட்டுவிடுங்கள், படுக்கையைச் சூடாக்குங்கள். பெட் வார்மர் என்பது உள்ளே மின்கம்பி ஓடும் விரிப்பு; ஒற்றைக் கட்டிலுக்கு 100 வாட்டுக்குள் அடங்கும். எட்டு மணி நேரம் ஓடினாலும் 1 யூனிட்கூட ஆகாது. படுக்கை விரிப்புக்கு அடியில் மடிப்பில்லாமல் விரிக்க வேண்டும். மடிந்த இடத்தில் சூடு தேங்கி உள்கம்பி கெடும். படுப்பதற்கு அரை மணி முன்னால் போட்டு, படுத்ததும் குறையுங்கள். படுக்கையை நனைக்கும் குழந்தைக்கும், சூடு உறைக்காத சர்க்கரை நோயாளிக்கும் வேண்டாம்.

வெந்நீர்ப் பை இன்னும் மலிவு. கொதிநீரை ஊற்றாமல், சற்று ஆறவிட்டு முக்கால் பைக்குக் குறைவாக நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகுங்கள். துணி உறை போட்டுக் கால்மாட்டில் வையுங்கள். ரப்பரை மடக்கிப் பார்க்கையில் வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள்.